வலையை வீசியவர் யார்?

தமிழிலக்கியம் விலைமகளைப் பற்றி நெடுங்காலமாகப் பேசி வந்திருக்கிறது. கணிகையர் குலத்து மாதவியையும் அவள் மகள் மணிமேகலையையும் காப்பிய மாந்தராக்கிய பெருமை நம் மொழிக்கு உண்டு. ஆயினும், அவளை விற்றவர் யார், வாங்கியவர் யார், மீண்டு வந்தவள் மறுநாள் எங்கே உறங்கினாள் என்ற வினாக்களை நம் எழுத்தாளர் எத்துணை தூரம் எழுப்பினர்? யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெண்களைக் கடத்தி விற்கும் கொடுமைக்கெதிராகப் பணிபுரிய முற்படும் எவரும் இவ்வினாக்களைச் சந்தித்தே தீரவேண்டும். ஒரு சமூகம் தன் கதைகளில் ஒருத்தியை எவ்வாறு காண்கிறதோ, அவ்வாறே தன் பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும் அவளைக் காண்கிறது.

1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதிய நாவலை முதலில் நோக்குவோம். அவர் அக்கொடுமையை வெளியே நின்று பார்த்தவரல்லர். பத்து ரூபாவுக்கும் ஒரு பழஞ்சேலைக்கும் சிறுவயதிலேயே தாசியொருத்தியிடம் கையளிக்கப்பட்டவர் என அவர் வரலாறு கூறும். தாசிமுறையை ஒழிக்க ஊரூராகச் சென்று போராடியவர். அத்தகையவர் தம் நாவலுக்கு இட்ட பெயரோ ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. இப்பெயரில் வலை வீசுபவள் தாசி. அகப்பட்டு மீள்பவன் மைனர். மதிபெறும் உரிமையும் அவனுக்கே. அப்பெண்ணைப் பொட்டுக்கட்டுவித்த கோயில் அதிகாரமும், அவளை மானியமாகத் துய்த்த நிலவுடைமையும் தலைப்பில் இடம்பெறவில்லை. நாவலினுள்ளே அக்குலப் பெண்களே கூடி அம்முறையை எதிர்க்கும் பகுதிதான் நூலின் உண்மையான வலிமை. பாதிக்கப்பட்டவளே எழுதுகையிலும் வாங்குபவனின் மொழி எவ்வளவு ஆழமாக உள்ளே புகுந்துவிடுகிறது என்பதற்கு அத்தலைப்பே சான்று.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இதனினும் ஒருபடி மேலே சென்றது. வறுமையே அம்மாளுவை இருட்சந்துக்கு அழைத்துச் செல்கிறது என்பதை அவர் ஒளிவுமறைவின்றிக் காட்டினார். கற்பைப் பற்றிப் பேசும் கனவான்களை நாணச்செய்தார். 1966இல் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ விற்பனையைப் பற்றிய கதையன்று. ஆயினும் கெடுக்கப்பட்ட பெண்ணைக் குற்றவாளியாக்க மறுத்தது. தாய் மகளின் தலையில் நீரூற்றி அவளைத் தூயவளென்று ஏற்கிறாள். தமிழ் வாசகரிடையே பெரும் சர்ச்சையை எழுப்பிய அந்நீர் மனிதாபிமானத்தின் நீர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கதையில் தீர்வு ஒரு தாயின் நெஞ்சில் தொடங்கி ஒரு வீட்டின் முற்றத்தில் முடிந்துவிடுகிறது. தாயும் வீடும் இல்லாதவளுக்கு யார் நீரூற்றுவது? முகவனின் சொல்லை நம்பித் தாயே மகளை வழியனுப்பி வைத்திருந்தால் என் செய்வது?

யாழ்ப்பாணத்தில் இக்கேள்வி வெறும் கற்பனையன்று. வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 கைம்பெண்கள் உள்ளனரென்று 2010இல் பிரதியமைச்சர் ஒருவர் கூறினார். போருக்குப் பின் வந்த நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணை, காணாமற் போன கணவன், வேலையற்ற ஊர் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் வாசலிலேதான் முகவன் வந்து நிற்கிறான். வீட்டுவேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் ஓமானில் விற்கப்பட்ட செய்தி 2022 நவம்பரில் வெளியாயிற்று. அவ்வழக்கில் தூதரக அலுவலர் ஒருவரே கைதானார்.

இந்நிலையில் நம் மரபு நமக்கு என்ன கற்பித்திருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தாசிகள் ஆடுவதைக் கடுமையாகக் கண்டித்தார். கோயிலின் தூய்மையே அக்கண்டனத்தின் நோக்கம். ஆட்டத்தை நிறுத்தியபின் ஆடியவளின் வாழ்வு என்னாகும் என்பது அன்றைய விவாதத்தின் பொருளாகவில்லை. இன்றும் விடுதி முற்றுகையிடப்பட்டால் நம் ஏடுகள் ‘கலாசாரச் சீரழிவு’ என்று தலைப்பிட்டுப் பெண்களின் வயதை அச்சிடுகின்றன. விடுதியின் உடைமையாளனைப் பற்றி ஒரு வரியுமில்லை. ஊரின் மானமே அங்கும் செய்தி.

சட்டமும் இருமுகம் கொண்டது. 1841ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் அவளைக் குற்றத்தின் நிழலில் நிறுத்தின. 2006இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையோ ஆட்கடத்தலைப் பெருங்குற்றமாக விரித்துரைத்தது. அவ்வரையறையின்படி அவள் பாதிக்கப்பட்டவள். ஒரே பெண் ஒரு சட்டத்தால் கைதியாகவும் மற்றொன்றால் சாட்சியாகவும் ஆகலாம். எது நிகழும் என்பது அவளை முதலில் சந்திக்கும் பொலிஸ்காரர், தாதி அல்லது கிராம அலுவலர் கேட்கும் முதற்கேள்வியைப் பொறுத்தது.

ஆதலாற்றான் ஒற்றுமை இங்கு உயிர்நாடியாகிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அரசாங்க வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ உண்டு. பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவும் மாதர் சங்கங்களும் உள்ளன. ஆனால் தன் துயரத்தை ஐந்து மேசைகளில் ஐந்து முறை சொல்ல நேர்பவள் ஆறாவது முறை வாய் திறவாள். அவள் ஒருமுறை சொன்னது ஐவருக்கும் போதுமானதாக வேண்டும். வழக்கு முடியும்வரை உறைவிடமும், முடிந்தபின் தொழிலும், கடனிலிருந்து விடுதலையும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முகவனின் வாசல் மீண்டும் திறக்கும்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் வாதாடியதோடு அமையாமல், வேறு விடுதிகள் ஏற்க மறுத்த சிறுமியருக்காக 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லத்தையும் நிறுவினார். யாழ்ப்பாணத்திலேயே பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. அதில் பெண் தன்னைத் தானே பேசினாள். அக்காலத்தை அடுத்துப் போரில் நொந்த பெண்களுக்காகப் பூரணி இல்லம் இயங்கியது. அதனோடு தொடர்புடைய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. எழுத்தும் இல்லமும் இங்கு ஒன்றாகவே வளர்ந்தன, ஒன்றாகவே ஒடுக்கப்பட்டன.

மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நம் நயினாதீவே என்று பெருமை கொள்வோர் நம்மிடையே பலர். பசித்தோர்க்குச் சோறிட்ட அவள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவும் செய்தாள் என்பதையும் அவர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும். கணிகையின் மகள் கண்ட அறம் அது. மீண்டு வருபவளின் தூய்மையை அளக்கும் கதைகள் நமக்குப் போதும். அவளை விற்றவனின் பெயரையும், அவளுக்குக் கதவைத் திறந்தவர்களின் கூட்டுழைப்பையும் எழுதும் கதைகளே இனித் தேவை. எழுத்தாளரும் அக்கூட்டணியில் ஓர் உறுப்பினரே என்பதை நாம் உணர்வோமாக.