ஃபாஸ்டஸின் இறுதி ஒரு மணி நேரம்

கிறிஸ்தோபர் மார்லோவைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அவருடைய சாவைப் பற்றிப் பேசிவிட்டு அமைந்துவிடுகின்றனர். அதில் வியப்பில்லை. காண்டர்பரி நகரில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1564 பிப்ரவரி 26இல் திருமுழுக்குப் பெற்றவர். உதவித்தொகை கொண்டு கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1587இல் முதுகலைப் பட்டம் அளிக்கப் பல்கலைக்கழகம் தயங்கியபோது, இவர் அரசிக்கு நற்பணி புரிந்தவர் என்று பிரிவி கவுன்சிலே எழுதியது. அப்பணி ஒற்று வேலையே என்பது பலர் துணிபு. 1593 மே 30ஆம் நாள் டெப்ட்போர்டில், செலவுக் கணக்குப் பற்றிய பூசலில் இங்க்ரம் ஃபிரைசர் என்பவரின் கத்தி வலக்கண்ணுக்கு மேல் பாய மாண்டார் என்கிறது மரண விசாரணை அறிக்கை. அவ்வறிக்கையை லெஸ்லி ஹாட்சன் வெளிக்கொணர்ந்தது 1925இல்தான். இருபத்தொன்பது ஆண்டு வாழ்வு!

இவ்வாழ்வைக் கொண்டே நாடகங்களுக்கு உரை காண்பது நமக்கு உடன்பாடன்று. உலகை வென்ற தாம்பர்லேனும், பொன் குவித்த பரபாசும், ஆன்மாவை விற்ற ஃபாஸ்டஸும் மாற்றுடை அணிந்த மார்லோவே என்பர் சிலர். அவ்வாறாயின், ஃபாஸ்டஸை அவர் இத்துணைச் சிறியவனாகக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

விட்டன்பர்க் நகரத்துப் பேரறிஞன் அவன். தத்துவம், மருத்துவம், சட்டம், சமயநூல் ஆகிய நான்கையும் கசந்து ஒதுக்கி, இருபத்து நான்கு ஆண்டு ஆற்றலுக்காகக் குருதியால் பத்திரம் எழுதிக் கொடுக்கிறான். ஜெர்மனியைச் சுற்றிப் பித்தளை மதில் எழுப்புவதும், ரைன் ஆற்றைத் தன் ஊரைச் சூழ ஓடவிடுவதும் அவன் கண்ட கனவுகள். செய்ததோ, போப்பாண்டவரின் செவிட்டில் அறைந்ததும், குதிரை வணிகன் ஒருவனை ஏய்த்ததும், கருவுற்ற கோமகளின் மசக்கைக்குக் கடுங்குளிரில் திராட்சை தருவித்ததும்! ஆன்மாவின் விலை ஒரு தட்டுத் திராட்சை.

இக்காட்சிகள் பிறர் செருகியவை என்று ஆய்வாளர் பலர் ஒதுக்குவர். நாடக அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோ 1602இல் இருவருக்கு நான்கு பவுன் கொடுத்துச் சேர்க்கைகள் எழுதுவித்தது உண்மை. 1604ஆம் ஆண்டுப் பதிப்பைவிட 1616ஆம் ஆண்டுப் பதிப்பு அறுநூறு அடிகளுக்கு மேல் நீண்டிருப்பதும் உண்மை. ஆயினும் திராட்சைக் காட்சி அந்தக் குறும்பதிப்பிலேயே உண்டு. எவர் கை எழுதியிருப்பினும் நாடகத்திற்கு அது வேண்டும். அச்சிறுமையைக் கண்டவர்க்கே இறுதிக் காட்சியின் கனம் விளங்கும்.

மணி பதினொன்று அடிக்கிறது. அறுபதுக்கும் குறைந்த அடிகளில் ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. அதிலும் பின் அரைமணிக்குக் கிடைக்கும் அடிகள் முன்னதைவிடக் குறைவு. அஞ்சுபவனின் காலம் அப்படித்தானே ஓடும்! அடிக்குப் பத்து அசையாக நடக்கும் இந்த இயைபிலாச் செய்யுள், தாம்பர்லேனின் வாயில் படை நடப்பதுபோல் அடிதோறும் நிமிர்ந்து நின்றது. இங்கே அது இடையில் முறிகிறது. கேள்வியாகவும் கூவலாகவும் சிதறுகிறது. மார்லோவுக்கு ஒரே ஓசைதான் தெரியும் என்பார்க்கு இப்பகுதியே விடை.

அந்நடுக்கத்தினூடே ஃபாஸ்டஸ் ஓர் இலத்தீன் அடியைச் சொல்கிறான். இரவின் தேர்க்குதிரைகளை மெல்லச் செல்லுமாறு இரக்கும் அடி அது. ஓவிடின் காதற் பாடலில், காதலியின் அணைப்பில் கிடப்பவன் விடியலை வெறுத்துச் சொன்னது. அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் மார்லோவே. அப்பெயர்ப்பு 1599இல் சமயத் தலைவர்களின் ஆணையால் எரிக்கப்பட்டது. சற்று முன்னரே ஃபாஸ்டஸ் ஹெலனின் மாயவுருவை முத்தமிட்டவன். இன்பம் நீள வேண்டிய சொல், இப்போது நரகம் தள்ளிப்போக வேண்டுகிறது. கற்ற கல்வி அவனைக் கைவிடவில்லை, காப்பாற்றவுமில்லை.

எட்வர்டு மன்னன் நாடகமும், முடிவுறாமல் நின்று 1598இல் அச்சேறிய 'ஹீரோவும் லியாண்டரும்' என்னும் காப்பியமும் தனிக் கட்டுரைகளுக்கு உரியவை.

ஃபாஸ்டஸ் வெறும் அறவுரை நாடகம் என்பார் உளர். முடிவுரை கூறுவோன் அவ்வாறே எச்சரித்துச் செல்வதும் மெய்யே. ஆனால் அவனுக்கு முன், பன்னிரண்டு மணி அடித்து, பேய்கள் சூழ்ந்துகொள்ள, தப்புவதற்காக ஃபாஸ்டஸ் கடைசியாகக் கொடுக்க முன்வருவது எதனை? தன் நூல்களை எரித்துவிடுவதாகக் கூவுகிறான். அவனிடம் இருந்தவை அவைதாம்.