கத்திரி வெயிலில் அலாரம் விழித்திருக்குமா?

கேமராதான் மாட்டியாச்சே, அலாரம் எதற்கு என்று ராணிப்பேட்டையில் பலர் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் நடந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜோஸ் ஆலுக்காஸ் நகைக்கடையின் பின்சுவரில் துளை போட்டு, முகமூடியோடு நுழைந்த திருடன், கேமராக்கள் மீது ஸ்பிரே அடித்துவிட்டு சுமார் 15 கிலோ தங்கத்தை அள்ளிப் போனான். காலையில் கடையைத் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போலீசார் சில நாட்களிலேயே ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்த நகைகளை மீட்டது பெரிய விஷயம். ஆனால் திருட்டு நடந்துகொண்டிருக்கும்போதே யாரையாவது எழுப்புவது கேமராவின் வேலை இல்லை. அது அலாரத்தின் வேலை.

எங்கள் மாடி வீட்டில் ஒயர் இழுத்து ஒரு செட் மாட்டினோம். கண்ட்ரோல் பேனல், கதவுகளுக்கு மேக்னட் சென்சார், ஹாலுக்கும் மாடி அறைக்கும் மோஷன் சென்சார், பேட்டரி, சைரன், சிம் போடும் டயலர், இவ்வளவுதான் சாமான். நம் ஊர் வெயிலையும் இரும்பு கேட்டுகளையும் மின்தடையையும் இவற்றில் எது தாங்குகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருப்பதிலேயே விலை குறைந்ததும் அதிகம் நம்பத்தக்கதும் கதவுக்கான மேக்னட் சென்சார். உள்ளே இருப்பது ரீட் சுவிட்ச்: கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். 1936-ல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. காந்தம் அருகில் இருக்கும்வரை தகடுகள் ஒட்டியிருக்கும், விலகினால் பிரியும். சிப்காட் பக்கத்திலும் டேனரிகளை ஒட்டிய தெருக்களிலும் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கண்ணாடி அடைப்பு முக்கியம். தோலில் முடி நீக்கச் சேர்க்கும் சல்பைடிலிருந்து கிளம்பும் வாயு, தாமிரத்தையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். குழாய்க்குள் இருக்கும் தகட்டை அது தொடாது. வெளியே ஒயர் முறுக்கும் திருகுகளைத்தான் தாக்கும். அதனால் இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டி மூடச் சொன்னேன்.

மாட்டும் இடத்தைப் பொறுத்துதான் பலன். நிலையின் மேல்சட்டத்தில், கீல் இருக்கும் பக்கத்தில் மாட்டினால் கதவு பாதி திறந்த பிறகுதான் காந்தம் விலகும். கைப்பிடிப் பக்கம் மாட்டினால் இரண்டு விரல் இடைவெளி போதும், சைரன் அலறிவிடும். தேக்குக் கதவில் இது சுலபம். இரும்பு கிரில் கேட்டில் அப்படியே திருகினால் காந்தப்புலத்தை இரும்பு இழுத்துக்கொள்ளும், கேட் மூடியிருக்கும்போதே திறந்ததாகக் காட்டும். அடியில் பிளாஸ்டிக் பேக்கிங் கொடுக்க வேண்டும், அல்லது ஷட்டருக்கென்று வரும் பெரிய வகையை வாங்க வேண்டும்.

ஒயர் போடுகிறவர்களிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு லைனின் முடிவிலும் ஒரு சிறு ரெசிஸ்டர் வரும். அது சென்சார் முனையில் இருந்தால்தான், ஒயரை வெட்டினாலும் சரி, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினாலும் சரி, பேனலுக்குத் தெரியும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பலர் அதைப் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்தால் சென்சார் பக்கத்தில் ஒயரை ஷார்ட் செய்து கதவைத் திறந்தாலும் பேனல் சும்மா இருக்கும்.

மோஷன் சென்சாரில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் இருக்கிறது. இது தானாக எதையும் வீசுவதில்லை. நம் உடம்பு வெளிவிடும் வெப்பக் கதிரும் பின்னால் இருக்கும் சுவரின் வெப்பமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்க்கிறது. மனிதத் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 34 டிகிரி. கத்திரியில் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரம் 40 டிகிரியை அடிக்கடி தாண்டும். வெயில் காய்ந்த மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பூட்டிய அறையில், சாயங்காலத்தில் சுவரும் மனிதனும் ஏறத்தாழ ஒரே சூடு. சென்சாருக்கு ஆள் தெரியமாட்டான்.

மே மாதத்து மாலையில் மாடி அறையிலேயே சோதித்துப் பார்த்தோம். விலை குறைந்த, பேர் தெரியாத சென்சாரை நோக்கி நேராக நடந்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. வேலைக்கு வந்திருந்த மேல்விஷாரம் எலக்ட்ரீஷியன், "சார், நேரா வராதீங்க, குறுக்கே நடங்க" என்றார். குறுக்கே போனதும் எரிந்தது. லென்ஸ் அறையை விசிறிபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது, பட்டைகளை வெட்டிப் போனால்தான் துடிப்பு கிடைக்கும். "அப்போ திருடன் வர்ற வழிக்குப் பக்கவாட்டுல இருக்கிற சுவர்லதான் மாட்டணும், இல்லையா பாய்?" என்று கேட்டேன். "அதேதான் சார். ஜன்னல் வெயிலைப் பார்த்து மட்டும் வைக்காதீங்க." அறைச் சூட்டுக்கு ஏற்ப உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும் வெப்ப ஈடு வசதி உள்ள சென்சாரை அதே ஆணியில் மாட்டியதும் நேராக வந்தாலும் பிடித்தது. விலை கூடுதல்தான், ஆனாலும் நம் ஊருக்கு இதைத்தான் வாங்க வேண்டும். டப்பாவில் அந்த வசதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை வகையைக் கடைக்காரர்கள் உயர்வாகச் சொல்வார்கள். இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் அது ஒலிக்கும். அதனால் ஆடும் திரை, பல்லி போன்ற வீண் அலறல்கள் குறையும். வெப்பப் பகுதி ஆளைத் தவறவிட்டால் முழு சென்சாரும் தவறவிடும் என்பதும் அதே காரணத்தால்தான். வெப்ப ஈடு இல்லாத இரட்டை வகையால் கத்திரியில் பயன் இல்லை.

ஒயர்லெஸ் செட் வாடகை வீட்டுக்குச் சரி. மலிவானவை 433 மெகாஹெர்ட்சில் எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்புகின்றன. அதைப் பதிவுசெய்து திருப்பி அனுப்பும் கருவி அரிதானதல்ல. சொந்த வீடு என்றால் ஒயர் இழுத்துவிடுங்கள்.

பேட்டரி 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி. பேனலும் சென்சார்களும் சேர்ந்து 150 மில்லிஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி சுமார் 47 மணி நேரம் வரும். பழைய பேட்டரியில் பாதிதான் எதிர்பார்க்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட் நின்று சாயங்காலம் வந்தாலும் கவலையில்லை. ஆனால் ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் பாதியாகும். பேனலைப் பரணிலோ மாடிப்படி அறையிலோ வைத்தால் இரண்டு கோடைக்கு மேல் பேட்டரியை நம்ப முடியாது. எங்கள் வீட்டில் கீழ்த்தள சாமான் அறைச் சுவரில் வைத்தோம்.

வைஃபையை மட்டும் நம்பும் செட்டுகள் ரவுட்டர் அணைந்ததும் செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும். அதனால்தான் சிம் டயலர். கடையில் இன்னும் 2ஜி டயலர்கள் விற்கின்றன. ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லாததால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. 4ஜி டயலராகக் கேட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் தேதி முடிந்த சிம்மிலிருந்து அழைப்பு போகாது. சோளிங்கருக்கோ திருப்பதிக்கோ குடும்பத்தோடு கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். டயலரில் முதல் எண்ணாகப் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை வையுங்கள், உங்கள் எண் இரண்டாவதாக இருக்கட்டும். ஊரில் இல்லாத உங்களைவிட அவர்தான் முதலில் எட்டிப் பார்த்து 112-ஐ அழைக்க முடியும். சைரன் ஐந்து நிமிடத்தில் தானே நிற்கும்படி பேனலில் அமைத்து, ஒருமுறை அவர் முன்னாலேயே ஒலிக்கவிட்டுக் காட்டுங்கள்.