உலக்கை ஏன் நிற்கிறது?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். சுற்றுவட்டாரமெல்லாம் கார் கம்பெனிகள். 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி வெட்டியது. சங்க காலக் கட்டுமானம், ரோமானிய ஜாடித் துண்டு, தங்க நகை, கற்காலக் கருவிகள் எல்லாம் கிடைத்தன. கருவிகளுக்குச் சுமார் 12,000 வயது என்றார்கள். 'எப்படி சார் தெரியும்?' என்று அந்த ஊர்ப் பையன் கேட்டால், குழியையே காட்டிப் பாடத்தைத் தொடங்கலாம். அடியில் இருக்கிற மண் முதலில் படிந்தது, மேலே இருப்பது பிறகு.

அதே வருஷம் அக்டோபர் 25, சூரிய கிரகணம். பல வீடுகளில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தி, 'பார், நிற்குது!' என்று பரவசப்பட்டார்கள். 2019-லும் இதே கூத்துதான். கிரகணப் படத்தைப் பிசகாமல் வரைந்து முழு மார்க் வாங்கிய பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்திருப்பார்கள். பூண் போட்ட, அடி தட்டையான உலக்கை எந்த நாளும் நிற்கும். மறுநாள் ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் விஷயம் முடிந்தது. பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். 'நாளைக்கும் நிறுத்திப் பார்' என்று சொல்லித்தராத வகுப்பறையைத்தான் சொல்வேன்.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. கணக்கு எழுதுகிறவனுக்கு இருக்கும் சந்தேகபுத்தி சயின்ஸ் குரூப் மாணவனுக்கு ஏன் வருவதில்லை? நம் பரீட்சை விடையை மட்டும்தான் கேட்கிறது. விடைக்கு வவுச்சர் கேட்பதில்லை.

2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். தன்னம்பிக்கை ஊட்ட வந்த பேச்சாளர், உடல் குறையோடு பிறப்பது முன்ஜென்மப் பாவம் என்கிற ரீதியில் மாணவிகளிடம் பேசினார். எழுந்து தட்டிக் கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். அவருக்கு ஒரு சபாஷ். பிறகு பேச்சாளர் கைதானார், தலைமை ஆசிரியை மாற்றப்பட்டார், வெளியாட்களை அழைக்க விதிமுறை வரும் என்றார்கள். வரட்டும். ஆனால் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பேச்சாளர் செல்போன் வழியாக உள்ளே வந்துவிடுவாரே! அங்கே எழுந்து கேட்க அந்த ஆசிரியர் இருக்கமாட்டார், மாணவிதான் கேட்கவேண்டும்.

2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவின் பல பகுதிகளில் சூரிய கிரகணம் பாதியளவோ கொஞ்சமோ தெரியும். தாம்பாளங்கள் மறுபடி வெளியே வரும். அதற்கு முன்னால், கிரகணம் இல்லாத ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறாம் வகுப்புக்கு ஓர் உலக்கையை எடுத்துப் போங்கள் ஆசிரியர்களே. பிள்ளைகளே நிறுத்திப் பார்க்கட்டும்.