டொராண்டோ அறிக்கையின் உவமை

காணாத ஒன்றைக் கண்டதைக் கொண்டு விளக்குதல் உவமையின் பணி. உலகுக்கு வரவிருக்கும் கேட்டை உரைப்போரும் அதனையே நாடுவர். 1988ஆம் ஆண்டு சூன் திங்களில், கனடாவின் டொராண்டோ நகரில், மாறிவரும் வளிமண்டலம் பற்றிய உலக மாநாடு கூடிற்று. 46 நாடுகளைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்ட அறிவியலாரும் அரசினரும் அதிற் கலந்துகொண்டனர். மனித இனம் தன்னையறியாமல் நடத்திவரும் சோதனையின் விளைவு, உலக அணுப்போர் ஒன்றுக்கே அடுத்ததாக எண்ணத்தக்கது ஆகலாம் என்று மாநாட்டு அறிக்கை எச்சரித்தது.

இவ்வுவமை எவ்வளவு பொருந்தும்? வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாக உவமை தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. பயனை நோக்கின் உவமை பொருத்தமே. இரண்டும் நாட்டெல்லை பாராது அழிப்பவை. பனிப்போர் முடியாத அந்நாளில், கேட்டின் பேரளவை உணர்த்த இதனினும் ஏற்றதோர் உவமை கிடைத்திராது.

வினையை நோக்கின் நிலைமை வேறு. அணுப்போர் சிலரது ஆணையால் நிகழ்வது. அவர்கள் வாளாவிருந்தால் உலகம் பிழைக்கும். வளிமண்டலமோ, ஆலை எரிவதாலும் ஊர்தி ஓடுவதாலும் காடு அழிவதாலும் நாள்தோறும் கெடுவது. இங்கே வாளாவிருத்தலே கேட்டை முற்றச் செய்யும். ஆகவே, அவ்வுவமை அச்சத்தை உணர்த்திற்றே அன்றிக் கடமையை உணர்த்தவில்லை.

அறிக்கை உவமையோடு நின்றுவிடவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். கரியமிலவாயு வெளியீட்டை 2005ஆம் ஆண்டுக்குள் 1988ஆம் ஆண்டின் அளவினின்று 20 விழுக்காடு குறைக்குமாறு அது வேண்டிற்று. தொழில்வள நாடுகள் முன்னிற்க வேண்டும் என்றது. அந்நாடுகளின் எரிபொருள் நுகர்வுக்கு வரி விதித்து, உலக நிதியம் ஒன்றுக்குப் பொருள் சேர்க்கவும் வழி கூறிற்று. 'மனித இனம்' என்று பொதுப்படத் தொடங்கிய அறிக்கை, இவ்விடத்தில் பொறுப்புடையாரைச் சுட்டிவிடுகிறது. அறிக்கையின் உயிர்நிலை இதுவே.

2005ஆம் ஆண்டு வந்தது. எரிபொருளால் உலகில் வெளியாகும் கரியமிலவாயு குறையவில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடியிருந்தது. மாநாட்டுக்கு இடமளித்த கனடாவிலும் வெளியீடு பெருகியிருந்தது. 1997இல் உருவான கியோட்டோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே அவ்வாண்டில்தான்.

இத்தோல்விக்கு ஓர் உவமையைக் காரணமாக்குதல் முறையன்று, செயற்படாதவர்கள் அரசினரே. எனினும், அச்சமூட்டும் தொடர் எளிதில் நெஞ்சிற் பதியும். எண்ணும் ஆண்டும் அவ்வாறு பதிவதில்லை. உலக அழிவு பற்றி மாணவர் எழுதும் கட்டுரையிலும் இக்குறை நேரக்கூடும். யார், எதனை, எப்பொழுதுக்குள் செய்ய வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறும் கட்டுரையே பயனுடைய கட்டுரையாகும்.