அரண்மனைக் கதவில் ஒட்டிய ஈரடி

ரோமப் பேரரசின் இறுதி நூற்றாண்டுகளில் ஆள்வோரைப் பாட்டால் இடித்துரைத்தவர்கள் ஒரே கூட்டத்தார் அல்லர். அவைப் புலவர்கள் நீண்ட வசைநூல் பாடினார்கள். பெயர் சொல்ல அஞ்சியவர்கள் ஈரடி எழுதி இரவோடிரவாக ஒட்டினார்கள். ஊர்மக்கள் தெருவில் கேலிப்பாட்டுப் பாடினார்கள்.

அவைப் புலவர்களில் தலையாயவர் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கிளாடியன். மேற்கில் இளம் பேரரசர் ஹொனோரியஸின் பெயரால் ஆட்சி நடத்திய தளபதி ஸ்டிலிக்கோவை அண்டி வாழ்ந்தவர். கிழக்கு அரசின் அமைச்சர் ரூஃபினஸ் மீதும், 399இல் கன்சல் பதவியேற்ற அண்ணகர் யூட்ரோப்பியஸ் மீதும் அவர் பாடிய வசைகளில் சொல் நெருப்பாய்ச் சுடுகிறது. ரோமில் ட்ராஜன் மன்றத்தில் அவருக்குச் சிலையே எழுப்பினார்கள். ஆனால் அவர் சாடியது எதிர் அவையின் ஆட்களை; சோறு போட்ட ஸ்டிலிக்கோவுக்கோ புகழ்மாலைதான். பாடியவர் யாருடைய கைக்கு எட்டும் தூரத்தில் நின்று பாடினார் என்பதே என் உரைகல். அதில் கிளாடியனின் கவித்துவம் மின்னுகிறது, துணிவு மின்னவில்லை.

பேரரசர் கான்ஸ்டன்டைன் 326இல் தன் மகன் கிறிஸ்பஸையும் மனைவி ஃபௌஸ்டாவையும் சாகடித்தார். அவருடைய அரண்மனைக் கதவில் ரகசியமாக ஒட்டப்பட்ட ஈரடி, பொற்காலத்தைப் பேசித் தொடங்கி நீரோவைச் சுட்டி முடிகிறது. தாயையும் மனைவியையும் கொன்றவர் நீரோ. அந்தப் பெயர் ஒன்றே போதும். எழுதியவர் அப்லாபியஸ் என்ற உயர் அதிகாரி என்கிறார் பிற்காலக் கவிஞர் சிடோனியஸ். இத்தகைய ஏட்டைக் கண்டவர் உடனே அழிக்காமல் பரப்பினால் மரண தண்டனை என்று அந்த நூற்றாண்டிலேயே சட்டம் வந்தது.

இவற்றையெல்லாம் விஞ்சியது அந்தியோக்கியா. பாரசீகப் போருக்காகப் பேரரசர் ஜூலியன் பெரும்படையோடு 362இல் அங்கே வந்து தங்கினார். ஊரில் தானியத் தட்டுப்பாடு. அவர் விலையைக் கட்டினார், பிற ஊர்களிலிருந்து தானியம் தருவித்தார், தட்டுப்பாடு தீரவில்லை. மக்கள் அவருடைய தாடியையும் ஓயாத பலிகளையும் பாட்டில் கட்டிச் சிரித்தார்கள். படைவீரர்கள் தெருவெல்லாம் நிறைந்திருந்த நாளில், பேரரசர் காதுபடவே! ஜூலியன் வாளை எடுக்கவில்லை. ‘மிசோபோகன்’, அதாவது தாடி வெறுப்பவன், என்ற உரைநடை நூலை எழுதினார். தன்னையே பழிப்பது போல் ஊரைப் பழித்த அதை 363இல் அரண்மனைக்கு வெளியே மக்கள் பார்வைக்கு வைத்தார்.

அந்தியோக்கியர் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. வசைபட்டவரின் அந்த மறுமொழியே அவற்றுக்கு முதற்சான்று. ஆயினும் இம்மரபில் முதலிடத்தை நான் அவர்களுக்கே தருவேன்.