தண்டமும் தண்டனையும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

பள்ளிகளில் மாணவரை அடித்தலைக் குறிக்க ‘உடல் தண்டனை’ என்னும் தொடர் மொழிபெயர்ப்புகளிலும் இதழ்களிலும் பரவலாக வழங்குகிறது. குறிக்கவேண்டிய செயல் முழுவதையும் இத்தொடர் குறிக்கிறதா என்பது ஆராயத்தக்கது.

‘தண்டனை’ என்பதன் மூலமாகிய வடசொல் ‘தண்ட’ கோலைக் குறிப்பது. கோல் என்பது கோலால் ஒறுத்தலாகி, பின்னர் எவ்வகை ஒறுத்தலுமாகிப் பொருள் விரிந்தது. சொல், இகழ்ச்சி, பொருள், உடல் என நால்வகைத் தண்டத்தை மனுநூல் கூறுகிறது. அடி அங்கேயே நான்கனுள் ஒன்றின் கூறாகிவிட்டது. திருக்குறளின் ‘வெருவந்த செய்யாமை’யிலும் தண்டம் ஒறுப்பேயன்றிக் கோலன்று. (தமிழின் ‘கோல்’ ஒறுப்பை நோக்கிச் செல்லாமல் செங்கோல், கொடுங்கோல் என ஆட்சியை நோக்கிச் சென்றது.)

இக்கால மொழிகளில் இச்சொல் சென்ற வழிகள் வெவ்வேறு. இந்தியின் ‘டண்டா’ இன்றும் தடிதான். மலையாளப் பேச்சில் ‘தண்ணம்’ நோயும் வருத்தமுமாகும். தெலுங்கில் ‘தண்டக’ வீண். கன்னடத்தில் ‘தண்ட’ அபராதமும் வீணும். தமிழும் இவ்விரண்டனோடு ஒத்துச் செல்கிறது. கட்டிய அபராதம் திரும்பி வாராது. ஆகவே தண்டச்செலவு, தண்டச்சோறு. இவ்வாறு ‘தண்டம்’ பணத்தின் பக்கம் சாய, ‘தண்டனை’ வழக்குமன்றத்திற்கு உரியதாயிற்று. குற்றம், தீர்ப்பு, சிறை என்பனவே இன்று அதனோடு இயைந்து வரும் சொற்கள்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் தரும் வரையறையில் குற்றத்திற்குப் பதிலாக நோவு விளைத்தலோடு, ஒழுங்குபடுத்தவோ திருத்தவோ நோவு விளைத்தலும் அடங்கும். முன்னதைத் ‘தண்டனை’ தாங்கும். பின்னதைத் தாங்குவது ஐயமே. வாய்பாடு ஒப்பிக்காத சிறுவன் செய்தது குற்றமன்று. அவனை அடித்த ஆசிரியரும் ‘கண்டித்தேன்’ என்பாரேயன்றித் ‘தண்டித்தேன்’ என்பது அரிது. ஆகவே ‘உடல் தண்டனை கூடாது’ என்னும் சுற்றறிக்கையைப் படிக்கும் அவர், அது தம் கைப்பிரம்பைக் குறிப்பதாக உணராமல் போகலாம். ‘கண்டி’ என்பதும் வெட்டுதலைக் குறிக்கும் வடசொல்லின் வழியது என்பது கருதத்தக்கது. ஒரு சொல் தன் கோலை மறைத்தது. மற்றொன்று தன் கத்தியை.

மாற்றாகக் கூறத்தக்க சொற்களும் பொருந்துவனவல்ல. ‘கசையடி’ 1864, 1909 ஆகிய ஆண்டுகளின் கசையடிச் சட்டங்களுக்கு உரியது. அத்தண்டனை 1955இல் ஒழிக்கப்பட்டது. ‘ஒறுத்தல்’ தூய தமிழ்ச்சொல்லாயினும் இன்று கிறித்தவத் தமிழில் தவக்காலத் தன்னொறுத்தலாகவே பெரிதும் வழங்குகிறது.

சட்டக் கலைச்சொல்லாக ‘உடல் தண்டனை’ நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்றுதல் குழப்பமே தரும். ஆனால் ஆசிரியர்க்கான வழிகாட்டிகளை மொழிபெயர்ப்போர் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடலாகாது. அடித்தல், குட்டுதல், கிள்ளுதல், காதைத் திருகுதல், முட்டிபோடச் செய்தல் என வினைகளை வெளிப்படையாகவே எழுதவேண்டும். மூலத்தில் அவை இல்லையெனினும் இவ்விடத்தில் அது மிகையாகாது.