படர்தாமரையிலிருந்து அலர்ஜி வரை: தோல் நோய்ப் பெயர்களுக்கு ஒரு விமர்சனம்

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். நோய்களின் பெயர்களுக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் டாக்டரிடம் போவதா, மருந்துக்கடைக்குப் போவதா, சும்மா விட்டுவிடுவதா என்று ஒருவர் முடிவெடுப்பது பெரும்பாலும் பெயரை வைத்துத்தான். அதனால் எங்கள் பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கம் புழங்கும் சில தோல் நோய்ப் பெயர்களை எடுத்துக்கொண்டு, எது உதவுகிறது, எது ஆளைக் கவிழ்க்கிறது என்று பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை, சாப்ட்வேர் ஆள். பெயர் வைப்பதில் சொதப்பினால் பின்னால் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது மட்டும் தொழில்முறையில் தெரியும்.

நல்ல பெயர்கள்

வேர்க்குரு: வேர்ப்பதால் வரும் குரு. வியர்வைக் குழாய் அடைத்துக்கொண்டு வருவது. காரணம் பெயரிலேயே இருக்கிறது. சேற்றுப்புண்ணும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு வரும். விரல் இடுக்கு ஈரத்தில் ஊறிக் கிடந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். காலைக் கழுவி இடுக்கை உலர்த்து என்று பெயரே சொல்லிவிடுகிறது.

படர்தாமரை இன்னும் நல்ல பெயர். ஆங்கிலத்தில் இதை ‘ரிங்வார்ம்’ என்கிறார்கள், அதாவது வளையப் புழு. ஆனால் அதில் புழுவே கிடையாது. தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டினைத் தின்னும் ஒரு பூஞ்சை அது. ஒரு புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவும். அதனால்தான் ஓரம் தடித்துச் செதில் செதிலாகவும், நடு ஓரளவு ஆறியும் இருக்கும். படரும், தாமரை இலை மாதிரி வட்டமாக இருக்கும். தமிழ்ப் பெயர் சொல்லும் இரண்டையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். இணையத்தில் ‘சிவப்பு வளையம்’ என்று படித்துவிட்டுத் தேடினால் நம்மில் பலருக்கு அது அகப்படாது. மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அந்த ஓரம் பழுப்பாகவோ கருப்பாகவோ தெரியும்.

கவிழ்க்கும் பெயர்கள்

பழைய பெயரெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ‘தேமல்’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று சங்கதி ஒளிந்திருக்கிறது. நெஞ்சிலும் முதுகிலும் வரும் வெளிர்ந்த திட்டு ஒரு பூஞ்சையால் வருவது. சின்னப் பிள்ளைகள் கன்னத்தில் வருவது பெரும்பாலும் வறண்ட தோலின் விளைவு, தானாகப் போய்விடும். மூன்றாவதுதான் ஆபத்து. தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிர் திட்டு தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கூட்டு மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். “தேமல்தான, போயிரும்” என்று விட்டால் நரம்பு போய்விடும், விரல் மடங்கிவிடும்.

‘வெண்குஷ்டம்’ இதற்கு நேர் எதிர்த் தப்பு. தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது அது. குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் அந்தப் பெயரால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. ‘வெண்புள்ளி’ என்று சொல்லிப் பழகுவது மரியாதைக்காக மட்டுமல்ல, அதுதான் சரியான தகவலும்கூட.

‘அக்கி’யில் சிக்கல் பெயரில் இல்லை, பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் வைத்தியத்தில். அக்கி என்றதும் மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்வது வழக்கம். சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப வருவதுதான் அக்கி. புண் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறும். பேர் காவிக்குப் போய்விடும். வைரஸ் மருந்து நன்றாக வேலை செய்வது முதல் 72 மணி நேரத்துக்குள். கண் பக்கம் வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விழுங்கிய பெயர்

இப்போது இந்தப் பெயர்களே மறைந்துகொண்டு வருகின்றன. “அண்ணாச்சி, அலர்ஜிக்கு ஒரு டியூப் குடுங்க” என்றால் முடிந்தது. படர்தாமரை, சிரங்கு, கரப்பான் எல்லாமே அலர்ஜி. எந்த எரர் வந்தாலும் ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று ஒரே மெசேஜ் காட்டும் சாப்ட்வேர் மாதிரி.

இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான மருந்தும் சந்தையில் இருக்கிறது. அப்படி ஒரு கலவைக் களிம்பின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின். வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, கிருமிக்கு இரண்டு, பூஞ்சைக்கு ஒன்று. என்ன நோய் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் ஒரு கல்.

ஸ்டீராய்டு இரண்டு நாளில் அரிப்பை அமர்த்திவிடும். கூடவே அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் அமர்த்திவிடும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நிறுத்தினால் முன்பைவிட அகலமாக வரும். அந்த வட்ட ஓரமும் கலைந்துவிடுவதால் டாக்டருக்கே சட்டென்று பிடிபடாது. 1968-லேயே இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதற்கு ‘அடையாளம் மறைந்த படர்தாமரை’ என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள். தொடை இடுக்கில் மாசக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு முழுசாகப் போகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்த 328 கலவை மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்த சில களிம்புகளும் அடக்கம். ஆனாலும் வேறு கலவைகள் கவுண்டரில் சீட்டு இல்லாமல் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இதற்கிடையில் டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சை கிளம்பியிருக்கிறது. 2020-இல் அதற்கு வைத்த பெயர் ‘டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே’. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. 2023-இல் அது நியூயார்க்கிலும் கண்டறியப்பட்டது. இது இப்படிப் பரவியதற்கு ஸ்டீராய்டுக் கலவைகளின் கண்மூடித்தனமான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள்.

இதில் பெரிய கொடுமை, ‘அலர்ஜி’ என்ற சொல் நிஜமான அலர்ஜியையும் மறைத்துவிடுவது. தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் டைகுரோமேட் சேர்ப்பதுண்டு. சிமெண்டிலும் குரோமியம் இருக்கிறது. சிலர் தோலுக்கு அது ஆகாது, கை வெடித்து நீர் வடியும். அவர்களுக்கு டியூப் மட்டும் போதாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து, அது கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவருக்கும் கொத்தனாருக்கும் அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். டியூப் வாங்கிக் கொடுத்து அனுப்பினால் அந்தப் பேச்சே எழாது.

ஆகவே டாக்டரிடம் போனாலும் ‘அலர்ஜி’ என்று நாமே தீர்ப்பு சொல்லாமல், பார்த்ததைச் சொல்வோம். எங்கே வந்தது, படர்கிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா, என்ன வேலை பார்க்கிறோம். முக்கியமாக, ஏற்கெனவே என்ன டியூப் போட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். காலி டியூபைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

வட்டாரச் சொற்களுக்கென்றே இடைசெவல் கி.ரா. அகராதி தொகுத்த மண் இது. உங்கள் பக்கம் இந்த நோய்களுக்கு வேறு பெயர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.